சைக்கிள் பாதைக்கு ஏழுமலை விட்ட நாலு அடி

1. களம்

பச்சைப் பெயின்ட் அடித்து முடித்த மறுநாள் காலை, சைக்கிள் பாதையில் மல்லாட்டை பரப்பிக் கிடந்தது. மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். செஞ்சிப் பக்கம் மல்லாட்டைதான்.

நான் அப்போது பேரூராட்சியில் ஓவர்சியர். ரோடு, கால்வாய், விளக்குக் கம்பத்துக்குக் குழி என்று ஊரில் எங்கே தோண்டினாலும் திட்டு எனக்குத்தான் வரும். அன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. "ஓவர்சியரம்மா, உங்க பாதையில ஒரு பொண்ணு விழுந்துட்டுது, வந்து பாருங்க" என்று யாரோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் நம்ம பாதை என்றிருப்பார்கள். ஒருத்தி விழுந்ததும் அது என் பாதை ஆகிவிட்டது.

கையைக் கழுவிவிட்டு ஓடினேன். சிங்கவரத்திலிருந்து வரும் ரோடு ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஆரம்பித்து, பெண்கள் பள்ளி வரைக்கும் ரோட்டின் ஒரு ஓரமாகப் போகிறது அந்தப் பாதை. பாதிக்கு மேல் மல்லாட்டை. வண்டி ஏறிவிடாமல் இருக்க அதைச் சுற்றி வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். பிளஸ் ஒன் படிக்கிற பெண் ஒருத்தி, அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் வந்தவள், கல்லில் முன்சக்கரம் இடித்து விழுந்திருக்கிறாள். முட்டி சிராய்ந்து மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டதே என்ற கவலைதான் முகத்தில் இருந்தது.

பக்கத்தில் ஒரு அம்மாள் மல்லாட்டையைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். சிங்கவரத்து அஞ்சலை. கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவள். அன்றுதான் அவளை முதலில் பார்த்தேன்.

"இன்னாம்மா இது? சைக்கிள் போற பாதையில கொட்டி வச்சிருக்கியே?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சைக்கிள் பாதையா? கவுருமெண்ட்டுல களம் போட்டுக் குடுத்துருக்காங்கன்னு இல்ல சொன்னாங்க! மார்க்கெட் கமிட்டிக்கு விக்க எடுத்துனு போனா, ஈரமா இருக்குது, காய வச்சி எடுத்துனு வான்னு திருப்பிடறாங்க. மூட்டைய மறுபடி ஊருக்குத் தூக்கினு போவ முடியுமா? தோ, கிட்டவே களம் போட்டுட்டாங்க, போட்டவங்க நல்லா இருக்கட்டும்னு நேத்துதான் எங்க வூட்டுக்காரரு சொல்லினு இருந்தாரு."

"களத்துக்கு யாராவது பச்சப் பெயின்ட் அடிப்பாங்களா?"

"அத நீதாம்மா சொல்லணும். அடிச்சது நீதான?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் குனிந்து தரையைப் பார்த்தபோது அவள் சொன்னதில் பிசகு இருப்பதாகத் தெரியவில்லை. சைக்கிள் குலுங்கக் கூடாது என்று ஜல்லி தெரியாமல் வழுவழுப்பாகக் கான்கிரீட் போட்டிருந்தோம். தண்ணீர் நிற்காமல் லேசாக வாட்டம் கொடுத்திருந்தோம். பக்கத்தில் நிழல் விழ ஒரு மரமும் கிடையாது. இதைவிட நல்ல களம் சுற்றுவட்டாரத்தில் இல்லை. பெயின்ட் மட்டும்தான் அதிகப்படி.

அந்தப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றிப் பள்ளிக்கு அனுப்பினேன். சைக்கிளை நானே தள்ளிக்கொண்டு போனேன். வழியில் ஏழுமலையின் டீக்கடை. கடையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏழுமலை மட்டும் பார்க்கவில்லை.

2. டேப்பின் மறுமுனை

ஏன் பார்க்கவில்லை என்று சொல்லவேண்டும்.

சைக்கிள் பாதை எங்கள் யோசனை இல்லை. திட்டம் மேலிருந்து வந்தது. டிராயிங்கை யாரோ சென்னையில் உட்கார்ந்து போட்டிருந்தார்கள். அதில் ஹெல்மெட் மாட்டிய ஒரு ஆள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெண் நாயைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டிருந்தாள். செஞ்சியில் நாய்கள் தானாகவேதான் நடக்கும். ரோட்டின் அகலத்தைப் பழைய சர்வேப்படி போட்டிருந்தார்கள். அந்த அகலம் காகிதத்தில்தான் இருந்தது. கடைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் படிக்கட்டும் கூரை ஷீட்டும் போட்டு முன்னால் வந்துவிட்டிருந்தார்கள். எங்கள் பேரூராட்சி ரோடு என்பதால், அளந்து கோடு போட்டு எடுக்கவேண்டியது நான்.

ஏழுமலையின் கடை ரோடு திரும்புகிற முனையில் இருக்கிறது. நைனா என்று நான் கூப்பிட்ட அப்பா போனபிறகு வீட்டில் நான் மட்டும்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது, அமையவில்லை, அவ்வளவுதான். நைனாவுக்கும் எனக்குமாக டீ போட்டே பழகிய கை. ஒரு ஆளுக்குப் போட்டால் எப்போதும் அரை டம்ளர் மிஞ்சும். அந்த அரை டம்ளரைக் கொட்டும்போது மனசு என்னவோ செய்யும். அதனால் காலையில் அடுப்பு பற்ற வைப்பதையே விட்டுவிட்டு ஏழுமலை கடைக்குப் போக ஆரம்பித்தேன்.

"வாக்கா, குந்துக்கா" என்பான். கடைக்கு முன்னால் ஷீட்டுக்குக் கீழே ஒரு பெஞ்சு. தூசி தட்டி அதில் எனக்கு இடம் ஒதுக்குவான். முதல் நாள் மழையைப் பற்றி, மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்தைப் பற்றி, அவன் மச்சான் வாங்கிய பழைய ஆட்டோ நடுரோட்டில் நின்றதைப் பற்றிச் சொல்வான். ஒரு நாளில் வேலை சம்பந்தமில்லாமல் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவன்தான்.

அளக்கிற அன்றைக்கு என் கூட வரவேண்டிய ஆள் லீவு. ஏழுமலை கடையை விட்டு இறங்கி வந்து, "நான் புடிக்கறன்க்கா" என்று டேப்பின் மறுமுனையை வாங்கிக்கொண்டான். ஹார்டுவேர் கடை, பாத்திரக் கடை, செருப்புக் கடை என்று எல்லாவற்றுக்கும் அவன்தான் பிடித்தான். கடைசியில் அவன் கடைக்கு வந்தோம். சர்வே கல்லிலிருந்து இழுத்தால் ஷீட்டு நாலு அடி வெளியே நின்றது.

அவன் டேப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அக்கா, நம்ம கடையாண்ட மட்டும் கோட்ட லேசா வளச்சிக்கக்கா. யாரு கேக்கப் போறாங்க?"

யாரும் கேட்கமாட்டார்கள். சென்னையில் டிராயிங் போட்டவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் தினமும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள் நான். டவுன் பஸ் திரும்பும்போது பின்பக்கம் அந்த முனையை ஒட்டிக்கொண்டு வரும். பாதை அங்கே வெளியே வளைந்தால் பெண் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் கீழேதான் போவார்கள்.

"முடியாது ஏழுமலை. பஸ் திரும்பற எடம்."

"நாலு அடிக்கா. அதுலதான் பெஞ்சு இருக்குது. நீ குந்தற பெஞ்சு."

சிவப்புப் பெயின்ட்டால் குறி போட்டேன். அவன் டேப்பை ஒழுங்காகச் சுற்றி என் கையில் கொடுத்து, "சரிங்க மேடம்" என்றான்.

ஜேசிபி வருமுன்னே அவனே ஷீட்டைக் கழற்றிவிட்டான். மறுநாள் காலை வழக்கம்போலப் போனேன். பெஞ்சு இல்லை. நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் டீ ஆற்றிக் கொடுத்தான். கடைசியில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "பாலு இல்ல" என்றான். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் கடைத்தெருவே அப்படி ஆகிவிட்டது. படிக்கட்டு இழந்த ஹார்டுவேர்க்காரர் நான் ஆணி கேட்டால் ஸ்டாக் இல்லை என்பார். ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றினால் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு சொம்பு வரும். அந்த ஆடியில் என் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தான். ஊர் முழுக்கத் தெரிந்த முகமாக இருந்தும் ஒரு வார்த்தை இல்லாமல் போவது பழக்கமில்லை. ரொம்பவே வலித்தது. நைனா இருந்திருந்தால் அவரிடமாவது சொல்லித் தீர்த்திருப்பேன்.

3. பள்ளி மணி

இவ்வளவையும் கொடுத்துப் போட்ட பாதையில்தான் அஞ்சலை மல்லாட்டையைக் கொட்டியிருந்தாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் உங்களுக்கு இப்போது புரியும்.

போலீசுக்குச் சொல்லலாம் என்றுதான் திரும்பிப் போனேன். வெயில் ஏறியிருந்தது. அஞ்சலை மதகுக் கட்டையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "அந்தப் பொண்ணுக்கு அடி ஜாஸ்தியாம்மா?" என்று கேட்டாள். அதைக் கேட்டதும் போலீசை மறந்துவிட்டேன். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தோ பாரும்மா, காலைல பொண்ணுங்க எல்லாம் உள்ள போயி மணி அடிக்கட்டும். அப்புறம் கொட்டு. சாயங்கால மணிக்கு முன்ன அள்ளிப் பெருக்கிடு. கல்ல ரோட்டுப் பக்கம் மட்டும் வையி, குறுக்க வைக்காத."

"காலை வெய்யிலு வீணாப் பூடுமே?"

"காலைல தரையில பனி ஈரம்தான இருக்கும்? அதுல கொட்டி இன்னா ஆவப் போவுது?"

"அடேங்கப்பா, எனக்கே வெவசாயம் சொல்லித் தரியா?" என்று சிரித்தாள். "சரி. எங்க ஊரு ஆளுங்ககிட்டயும் நானே சொல்லிக்கறேன். கஞ்சி குடிக்கிறியா?"

வாங்கிக் குடித்தேன். அந்த வருஷம் அடுத்தவர் கையால் நான் வாங்கிக் குடித்தது அது ஒன்றுதான்.

சொன்னபடி நடந்தார்கள். மல்லாட்டை முடிந்து உளுந்து வந்தது, அப்புறம் எள், அப்புறம் நெல். பகலில் ஏதாவது ஒன்று காய்ந்துகொண்டே இருக்கும். பள்ளி மணிக்கு முன்னால் அள்ளி, விளக்குமாறு போட்டுப் பெருக்கிவிடுவார்கள். எங்கள் துப்புரவு ஆட்கள்கூட அவ்வளவு சுத்தமாகப் பெருக்கமாட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மற்ற ஊர்களில் இதே மாதிரி போட்ட சைக்கிள் பாதைகளைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வேன், லோடு ஆட்டோ, மணல் குவியல். பெண் பிள்ளைகள் பழையபடி நடுரோட்டில் போனார்கள். எங்கள் பாதையில் ஒரு வண்டியும் நிற்கவில்லை. ஓரத்தில் கல் வரிசை, உள்ளே தானியம், பக்கத்தில் அஞ்சலை. அவள் மல்லாட்டையில் டயரை ஏற்றிவிட்டுத் திட்டு வாங்காமல் போக எந்த டிரைவராலும் முடியாது. பள்ளி விடும்போது பாதை காலியாக இருக்கும். பெண்கள் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே மிதித்துப் போவார்கள். அலுவலக ஜன்னலிலிருந்து அந்தச் சத்தம் கேட்கும். அதைக் கேட்பதற்காகவே அந்த நேரத்தில் வெளிவேலை எதுவும் வைத்துக்கொள்ளமாட்டேன்.

4. டிராயிங்கில் இல்லாதது

ஒருநாள் மேலிருந்து பெரிய இன்ஜினியர் பார்வையிட வந்தார். வந்தது உச்சி வெயில் நேரம். பாதை முழுக்க நெல்.

"என்னம்மா இது? சைக்கிள் டிராக்கா, களத்துமேடா?"

"ஸ்கூல் விடறதுக்கு முன்ன அள்ளிடுவாங்க சார். ஒரு நாளும் தவறினதில்ல."

"டிராயிங்ல இருக்கா?"

"இல்ல சார்."

"டிராயிங்ல இல்லாதது ரோட்ல எப்படி இருக்கும்?"

"இந்த ஊரே அந்த டிராயிங்ல இல்ல சார்" என்றேன். வாயை அடக்கியிருக்கலாம். என் குணம் அப்படி.

அவருக்கு முகம் மாறிவிட்டது. சைக்கிளுக்குப் பயன்படாத பாதை என்று எழுதிவிட்டு, அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் வேன்கள் நிற்பதற்கு அதை ஒதுக்கலாம் என்று யோசனை சொன்னார். மன்றக் கூட்டத்தில் வைத்து முடிவெடுக்கச் சொன்னார்கள். அவரும் வந்தார். கடைத்தெரு ஆட்களும் வந்து பின்னால் நின்றார்கள். நான் சம்பளம் வாங்குகிறவள், கேட்டால்தான் பேசலாம். யாரும் கேட்கவில்லை.

அஞ்சலை எழுந்து, "பொண்ணுங்க போற வழியில வண்டிய வுட்டா எப்பிடி?" என்று ஆரம்பித்தாள். "நீ சிங்கவரம். இது எங்க ஊரு விஷயம், குந்தும்மா" என்று ஒரு உறுப்பினர் உட்கார வைத்துவிட்டார்.

"ஊர்ல வேற யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று தலைவர் கேட்டார்.

பின்னால் நின்ற முகங்களைப் பார்த்தேன். எல்லாம் என்னால் படிக்கட்டை இழந்தவர்கள். என்னைப் பழிதீர்க்க அவர்கள் எதுவும் செய்யவேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும். அவர்களும் சும்மாதான் நின்றார்கள். ஊரையும் இழந்து பாதையையும் இழக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் பேசலாமா?" என்று ஒரு குரல். ஏழுமலை.

"சார், வேன் நின்னா மொத லாபம் எனக்குத்தான். என் கட எதிர்லதான் நிக்கும். ஆனா ஒண்ணு. அதுல நாலு அடி வுட்டது நானு. பொண்ணுங்க சைக்கிள் போவுதுன்னு சொல்லி வாங்கினாங்க. வேன் நிக்கறதுக்குன்னா என் நாலு அடி எனக்கு வேணும். நாளைக்கே ஷீட்டு போட்டு பெஞ்சு போட்டுடுவேன். யாரும் கேக்கக் கூடாது."

ஹார்டுவேர்க்காரர் உடனே, "அப்பன்னா என் படிக்கட்டு எனக்கு வேணும்" என்றார். பாத்திரக் கடைக்காரர் தன் மேடையைக் கேட்டார். ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரோடு பேரூராட்சியுடையது, சைக்கிள் பாதை சைக்கிளுக்கே, பள்ளி நடக்கிற நேரத்தில் தானியம் காயவைக்கலாம், நேரத்தை ஊரே முடிவு செய்துகொள்ளும் என்று தீர்மானம் போட்டார்கள். மேலே அனுப்பினோம். பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் சம்மதம் என்று வைத்துக்கொள்வது எங்கள் அலுவலக வழக்கம்.

கூட்டம் கலைந்ததும் வாசலில் காத்திருந்தேன். ஏழுமலை வந்தான். "ரொம்ப நன்றிப்பா" என்றேன்.

"உங்களுக்காகப் பேசல மேடம்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

5. யாரும்மா நீ

ரிட்டயர் ஆகிவிட்டேன். ஊரை விட்டுப் போகலாமே என்று கேட்கிறார்கள். எங்கே போவது? அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறேன்.

மழைக்காலம்தான் பாதைக்குச் சிரமம். காயவைக்க ஒன்றும் இருக்காது. அஞ்சலை வரமாட்டாள். கல் வரிசையைக் கொண்டுபோய் வைக்க ஆள் கிடையாது. போன மழையில் ஒருநாள் காலை, மளிகை வாங்கப் போனபோது, ஏழுமலை கடைக்கு எதிரே பாதையின் மேல் ஒரு வேன் நின்றிருந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தான். பள்ளி நேரம். பெண்கள் குடையும் கையுமாகச் சைக்கிளை ஒடித்து, பஸ் திரும்புகிற இடத்தில் ரோட்டுக்குள் இறங்கிப் போனார்கள்.

"வண்டிய எடுப்பா. சைக்கிள் போற பாதை" என்றேன்.

"டீ குடிச்சிட்டு எடுக்கறன். யாரும்மா நீ?"

ஓவர்சியர் என்று சொல்ல முடியாது. இந்தத் தெருக்காரி என்று சொன்னால் ஆமாம் என்று சொல்ல ஆள் வேண்டும். குடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஏழுமலை டீ ஆற்றிக்கொண்டிருந்தான். கை நிற்கவில்லை. தலையும் நிமிரவில்லை. "எடுப்பா வண்டிய" என்றான் டிரைவரிடம். "அக்கா சொல்லுதுல்ல. எங்கிட்டயே நாலு அடி வாங்கினு போன ஆளு அது. உன் வண்டியெல்லாம் எம்மாத்திரம்."

டிரைவர் டம்ளரை வைத்துவிட்டுப் போய் வண்டியை எடுத்தான். பின்னால் வந்த பெண்கள் பாதையில் ஏறி மிதித்துப் போனார்கள்.

அக்கா என்று அவன் சொன்னது டிரைவரிடம்தான், என்னிடம் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். டீ சாப்பிடறியா என்று கேட்பானோ என்று இருந்தது. அவன் அடுத்த ஆளுக்கு டம்ளர் கழுவினான். மழை வலுத்ததும் நான் நடந்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டிராயிங்கை எந்த ஊரில் வேண்டுமானாலும் போடலாம். அந்தத் தெருவுக்காக எதையாவது விட்டுக்கொடுத்தவர்கள்தான் நீங்கள் போட்டதைக் காப்பாற்றுவார்கள். அவர்களைக் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கேட்டபிறகும் கோட்டை வளைக்கக் கூடாத இடம் என்று தெரிந்தால், கேட்பது யாராக இருந்தாலும் வளைக்காதீர்கள். நான் வளைக்கவில்லை. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் வளைக்கமாட்டேன். ஆனால் நீங்கள் அந்த ஊரிலேயே குடியிருப்பவராக இருந்தால், அதற்கப்புறம் உங்களோடு யார் பேசுவார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ரோட்டை அளக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் அதை எனக்குச் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டு டீ போட்டேன். வேலை பார்த்த காலமெல்லாம் அடி, அங்குலம் பிசகாமல் அளந்த கை இது. ஒரு ஆளுக்கு டீ போடும் அளவு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அன்றைக்கும் அரை டம்ளர் மிஞ்சியது.